ரோபோவின் கியர் தேய்ந்தது ஏன் என்று தேடிப் போன கதை

எங்கள் நீச்சல் குளத்தைத் துப்புரவு செய்யும் ரோபோ, வாங்கிய நான்காம் ஆண்டில், சுவரில் முட்டித் திரும்பும்போதெல்லாம் மூக்கை ஒரு கணம் இடப்பக்கம் வெட்டிவிட்டு, பிறகு சமாளித்துக்கொண்டு நேராகப் போகத் தொடங்கியது. அதை ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை. தரை சுத்தமாகத்தான் இருந்தது. ஃபில்டர் கூடையும் ஒவ்வொரு முறையும் இலையும் தூசியுமாக நிறைந்துதான் வந்தது. இரண்டு மாதம் கழித்து, சுவரில் பாதி உயரம் ஏறிய ரோபோ 'டக், டக், டக்' என்று நான்கைந்து முறை தட்டிவிட்டு, ஒருக்களித்துச் சரிந்து தரைக்கு வந்தபோதுதான் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது என்று உறைத்தது. அந்த வெட்டுதான் முதல் அறிகுறி என்பதை, எல்லாவற்றையும் இரண்டு முறை கழற்றி மாட்டிய பிறகே புரிந்துகொண்டேன்.

எங்களிடம் உள்ளது இரண்டு ஓட்டு மோட்டார்கள் கொண்ட வகை. நடுவில் நீர் புகாதபடி மூடிய மோட்டார் பெட்டி இருக்கும். அதன் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பினியன், அதாவது மோட்டார் சுற்றும் சிறு பற்சக்கரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பினியன் ஒரு பெரிய பிளாஸ்டிக் கியரைச் சுற்ற, அந்தக் கியரோடு ஒட்டிய சக்கரம் உள்புறம் பல் வைத்த ரப்பர் டிராக்கை இழுத்துச் செல்லும். அதே கியரிலிருந்துதான் முன்பக்க பிரஷுக்கும் சுழற்சி போகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் ரோபோ நேராகப் போகும். ஒரு பக்கம் தாமதித்தால் அந்தப் பக்கமாகத் திரும்பும். கியர் பற்களுக்கிடையே ஆட்டம் கூடிவிட்டால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் பினியன் அந்த வெற்று இடைவெளியைக் கடந்த பிறகே மறுபக்கப் பல்லைத் தொட முடியும். அந்த இமைப்பொழுதில் நல்ல பக்கம் ஓடத் தொடங்கிவிடும், தேய்ந்த பக்கம் நின்றுகொண்டிருக்கும். மூக்கு வெட்டியது அதனால்தான். திசை உணரும் கைரோ உள்ள ரோபோக்கள் இந்த விலகலைத் தாமே திருத்திக்கொண்டு நேர்ப்பாதைக்கு வந்துவிடுவதால், தேய்மானம் பாதி முற்றும்வரை உரிமையாளருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

சுவர் ஏறாத ரோபோவைப் பார்த்ததும் கியரைச் சந்தேகிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடையின் வலை மெல்லிய தூசியால் அடைத்துக்கொண்டால் பம்ப் நீரை இழுக்க முடியாது. நீர் மேல்புறமாகப் பீய்ச்சி வெளியேறும் வேகம்தான் ரோபோவைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது என்பதால், அடைத்த ஃபில்டரோடு எந்த ரோபோவும் ஏறாது. நீரை இழுக்கும் விசிறியான இம்பெல்லரில் முடி சுற்றிக்கொண்டாலும் அதே விளைவுதான். பிரஷ் மழுங்கினால் வழுவழுப்பான ஓட்டுச் சுவரில் பிடிப்பு இருக்காது. கூட்டுக்குள் காற்று அடைபட்டிருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு மிதக்கும். முறுக்கிய கேபிள் ஒரே திசையில் வட்டமடிக்க வைக்கும். இவை அனைத்தையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கேபிளை வெயிலில் நீளமாக விரித்துப் போட்டு முறுக்கை எடுத்தேன், வலையைக் கழுவினேன், இம்பெல்லர் மூடியைத் திறந்து பார்த்தேன். தட்டும் ஓசை மட்டும் போகவில்லை. மேலே சொன்ன குறைகளில் எதுவும் அப்படிச் சீரான இடைவெளியில் தட்டாது.

பழுது பார்க்க வந்தவர் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்து, இரு டிராக்குகளையும் கையால் சுழற்றிப் பார்த்து, "இடப்பக்க மோட்டார் போய்விட்டது சார், பெட்டியோடு மாற்ற வேண்டும்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சுமையே இல்லாமல் சோதித்தார், அவ்வளவுதான். ஆனால் மோட்டார் பெட்டி ரோபோவின் மிக விலை உயர்ந்த பகுதி என்பதால், அதை மாற்றுவதற்கு முன் நானே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ரோபோவைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது எளிது என்று பலருக்கும் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. பம்ப் மோட்டாரின் தண்டு சீல், சுற்றியுள்ள நீராலேயே குளிர்கிறது; நீரில்லாமல் ஓடினால் சூடேறி, நீர் உள்ளே புகும் வழி திறந்துவிடும். அப்படியே ஓட்டினாலும் பயன் இல்லை. பாதி தேய்ந்த பல்கூட எதிர்ப்பு இல்லாதபோது அழகாகச் சுற்றும். சுமை வரும்போதுதான் ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறி நழுவும். ஆகவே சோதனையை நீருக்குள்தான் நடத்தியாக வேண்டும், அதுவும் யாரும் குளத்துக்குள் இறங்காமல். ரோபோவுக்குப் போவது தாழ்ந்த மின்னழுத்த நேர் மின்சாரம்தான் என்றாலும், அது ஓடும்போது குளத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று கையேடுகள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் செய்தது இது. வெள்ளை பெயிண்டால் டிராக்கின் வெளிப்புறத்தில் ஒரு கோடும், அதற்கு நேராகச் சக்கரத்தில் ஒரு கோடும், கியரின் விளிம்பில் ஒரு கோடும் போட்டேன். காய்ந்ததும் ரோபோவைக் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறக்கி ஓடவிட்டு, கரையில் நின்றபடியே, வலை கட்டும் நீளக் கம்பின் முனையைத் துணியால் சுற்றி அதன் முன்பக்கத்தில் முட்டுக் கொடுத்தேன். வலப்பக்க டிராக் தரையில் வழுக்கியபடி சுற்றிக்கொண்டே இருந்தது. இடப்பக்கத்தில் மோட்டாரின் ரீங்காரம் கேட்டது, டிராக் மட்டும் துடித்துத் துடித்து நின்றது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'டக்'. மோட்டார் செத்திருந்தால் ரீங்காரம் இருக்காது. அடுத்து, ரோபோவை வெளியே எடுத்துக் கோடுகளைப் பார்த்தேன். டிராக் கோடும் சக்கரக் கோடும் நேராகவே இருந்தன. அதாவது டிராக் சக்கரத்தின் மேல் நழுவவில்லை. நழுவல் அதற்கு உள்ளே, பினியனுக்கும் கியருக்கும் இடையில்.

மின் இணைப்பைச் சுவரிலேயே துண்டித்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிளாஸ்டிக்கில் நேரடியாக முறுக்கிய திருகுகள் என்பதால், கழற்றும் வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வைத்தேன். நீளம் மாறினால் தகடு வெடிக்கும். முதலில் பினியனை விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மோட்டார் பெட்டிக்குள் வேகத்தைக் குறைக்கும் கியர்த் தொகுதி ஒன்று இருப்பதால், நல்ல நிலையில் உள்ள பினியன் கனமாகவும் சீராகவும் எதிர்க்கும். இரு பக்கங்களையும் ஒப்பிட்டேன்: ஒரே கனம். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று சுற்றியிருந்தாலோ, ஓரிடத்தில் சிக்கிச் சிக்கிச் சுற்றியிருந்தாலோ, பழுது பார்த்தவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு பெட்டியை மாற்றியிருப்பேன். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

பிறகு கியரைக் கையில் எடுத்தேன். புதிய பல்லின் முனை தட்டையாக, ஒரு சிறு மேடை போல இருக்கும். என் கையில் இருந்ததன் பற்கள் கத்தி முனை போல் கூர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மீனின் முதுகுத் துடுப்பை நினைவூட்டின. ஒரு பக்கச் சரிவு பளபளவென்று இழைத்ததுபோல் இருக்க, மறுபக்கத்தில் வார்ப்பின் பழைய சொரசொரப்பு இன்னும் மிச்சமிருந்தது. ரோபோ முன்னும் பின்னும் ஓடினாலும், சுவர் ஏறும் பெரிய சுமை முன்னோக்கிப் போகும்போது மட்டுமே வருவதால் தேய்மானமும் ஒருபக்கமாகவே விழுகிறது. விரல் நகத்தால் வருடியபோது ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஒரு சிறு படி தட்டுப்பட்டது. பினியன் பல் குழி தோண்டிய இடம் அது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சந்தேகம் தீர்ப்பதற்கு இயந்திரக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வழி, இடப்பக்க உதிரியை வலப்பக்கத்துக்கு மாற்றிப் பார்ப்பது: குறையும் கூடவே மாறினால் உதிரிதான் கெட்டது, அங்கேயே தங்கினால் வேறு எதுவோ. இரு பக்கக் கியர்களும் ஒரே வார்ப்பு என்பதால் மாற்றிப் போட்டேன். ரோபோ இரண்டு வாரம் பிழையே இல்லாமல் ஓடியது, சுவரின் நீர்க்கோடுவரை ஏறியது. ஏதோ அழுக்குதான் சிக்கியிருந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். நடந்தது என்னவென்றால், பக்கம் மாறியதும் அந்தக் கியர் முன்னோக்கிச் சுற்றும் திசை தலைகீழானது. தேயாத மறுபக்கச் சரிவு சுமையை ஏற்றுக்கொண்டது. சோதனை என்று நினைத்துத் தற்காலிக வைத்தியம் செய்திருக்கிறேன். மூன்றாம் வாரம் தட்டல் திரும்ப வந்தது. மாற்றிப் பார்க்கும் சோதனையை யார் செய்தாலும், கம்பால் முட்டுக் கொடுத்துச் சுமையேற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம் என்பேன்.

புதிய கியர் வாங்கி மாட்டினேன். திருகுகளைத் திரும்ப முறுக்கும்போது ஒரு சிறு பழக்கம் உதவும்: முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால், பழைய மரையின் தொடக்கத்தில் திருகு 'டிக்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து முறுக்க வேண்டும். நேராக அழுத்தி முறுக்கினால் புது மரை வெட்டிக்கொண்டு போகும், மூன்றாம் முறை கழற்றுவதற்குள் பிளாஸ்டிக் பிடிப்பற்றுப் போகும்.

ஆறு வாரம். அதன் பிறகு அதே இடப்பக்கம், அதே தட்டல். புதிய கியரைக் கழற்றிப் பார்த்தால், நான்கு ஆண்டில் பழைய கியருக்கு ஆன தேய்மானத்தில் கால்வாசியாவது ஆறே வாரத்தில் அதற்கு ஆகியிருந்தது. மட்டமான உதிரி கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு தண்டில் கியரை மாட்டி ஆட்டிப் பார்த்தபோது அது முன்னும் பின்னும் மட்டுமல்ல, மேலும் கீழும் ஆடியது. அப்போதுதான் என் பார்வை பல்லை விட்டுத் துளைக்குப் போனது.

கியரின் நடுத்துளையில், தண்டைச் சுற்றி, குட்டிக் குழாய் போன்ற ஒரு பிளாஸ்டிக் புஷ் உட்கார்ந்திருக்கும். கியர் உண்மையில் அந்தப் புஷ்ஷின் மேல்தான் சுற்றுகிறது. நான் கியரை மட்டும் வாங்கி, பழைய புஷ்ஷைக் கழுவித் துடைத்து அதிலேயே செருகியிருந்தேன். வெர்னியரால் அளந்தபோது வலப்பக்கப் புஷ்ஷின் உள்விட்டம் தண்டைவிடக் கால் மில்லிமீட்டர் கூட அதிகமில்லை. இடப்பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அதிகம், அதுவும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. புஷ் தளர்ந்தால் சுமை வரும்போது கியர் பினியனை விட்டு விலகி நிற்கும். இரண்டுக்கும் இடையிலான மைய தூரம் கூடியதும், பற்கள் அடிவரை கோத்துக்கொள்ளாமல் நுனியால் மட்டும் தொட்டுக்கொள்ளும். பல்லின் முழு முகமும் தாங்க வேண்டிய விசை முழுவதும் நுனியில் விழுந்தால், எவ்வளவு நல்ல கியரும் கூர்ந்துதான் போகும். புஷ்ஷைவிட மலிவான உதிரி அந்த ரோபோவில் இல்லை. அதை விட்டுவிட்டு நான் இரண்டு கியர்களை வீணடித்திருக்கிறேன்.

உலோகத் தண்டும் தப்பவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. துருப்பிடிக்காத எஃகுத் தண்டில், புஷ் உட்காரும் இடத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு வளையம் விழுந்திருந்தது. மெத்தென்ற பிளாஸ்டிக் எஃகைத் தேய்க்குமா? தனியாகத் தேய்க்காது. புஷ்ஷைக் குறுக்கே வெட்டி, கண்ணாடிவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தேன். உள்சுவர் முழுவதும் மினுமினுக்கும் துகள்கள் பதிந்திருந்தன. மணல். மென்மையான பொருளில் பதிந்து நிலையாகிவிட்ட மணல் துகள், தன் எதிரே சுழலும் கடினமான பொருளை உப்புத்தாள் போல அறுக்கும். இத்தகைய மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம்; கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்துவரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. சாதாரண எஃகு அதற்குக் கீழேதான். தொடக்கத்தில் புஷ்ஷுக்குள் முழு மணல் நுழைய இடமிருக்காது, நொறுங்கிய பொடிதான் நுழையும். அது இடைவெளியைச் சற்று அகட்டும். அகன்ற இடைவெளியில் அதைவிடப் பெரிய துகள் நுழையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு முழு மணலே உள்ளே போய்வரத் தொடங்கிவிடும். நான்கு ஆண்டு மெல்ல நடந்த தேய்மானம் கடைசி இரண்டு மாதத்தில் பாய்ந்தது அப்படித்தான்.

மணல் எங்கிருந்து வந்தது? காற்று கொண்டுவந்த தூசி என்றால் அது மாவு போல இருக்கும், பல நிறத்தில் இருக்கும். கூடையின் அடியில் தங்கியிருந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்பியபோது, எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில், அரை மில்லிமீட்டர் குறுக்களவை ஒட்டியவையாக இருந்தன. குளத்தின் மணல் ஃபில்டரில் நிரப்பும் சிலிக்கா மணல் பொதுவாக 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரையிலான அளவில் சலித்தெடுக்கப்படுவது. அப்படியானால் சுத்தம் செய்ய வேண்டிய ஃபில்டரே மணலைக் குளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நீர் திரும்பி வரும் வாய்க்கு நேர் கீழே, தரையில் விசிறி வடிவில் ஒரு மெல்லிய மணல் படிவு இருந்ததை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ரோபோ எடுத்துவிடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

மணல் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும். ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவிய உடனே மட்டும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், கழுவிய பின் அலசும் நிலையில் வால்வை வைக்காமல் நேராக வடிகட்டும் நிலைக்குத் திருப்பிவிட்டோம் என்று பொருள். எங்கள் குளத்தில் எந்நேரமும் வந்தது. தொட்டியின் மணல் முழுவதையும் அள்ளி வெளியே எடுத்தால்தான் அடியில் விரல்கள் போலப் பரவியிருக்கும், மணலைத் தடுத்து நீரை மட்டும் உள்ளே விடும் மெல்லிய கீறல்கள் கொண்ட குழாய்களைப் பார்க்க முடியும். அது ஒரு முழு நாள் வேலை, முதுகு ஒத்துழைத்தால். எட்டில் ஒன்று நெடுக்காக வெடித்திருந்தது. புதிய குழாய்களைப் பொருத்தியபின், மணலைக் கொட்டுவதற்கு முன் தொட்டியைப் பாதியளவு நீரால் நிரப்பிக்கொண்டேன். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் மணல் விழும் வேகமே அந்த மெல்லிய குழாய்களை உடைத்துவிடும். முன்பு மணல் மாற்றியபோது யாரும் அப்படி நீர் நிரப்பியதாக எனக்கு நினைவில்லை.

ரோபோவுக்கு இம்முறை கியர், புஷ், தண்டு மூன்றையும் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்றினேன். தேய்ந்த பினியன் புதுக் கியரைத் தின்னும் என்பதால் அதன் பற்களையும் கண்ணாடிவில்லையில் பார்த்தேன். நல்லவேளையாக முனைகள் தட்டையாகவே இருந்தன. டிராக்கின் உள்பற்களும் அப்படியே. ஓசை குறையட்டும் என்று கியரில் கிரீஸ் தடவும் ஆசை வந்தது, தடவவில்லை. இந்தக் கியர்களுக்குக் குளத்து நீர்தான் மசகு. கிரீஸ் மணலைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாறிவிடும். பெட்ரோலிய வகை என்றால் ரப்பர் சீல்களையும் ஊதவைக்கும். கியரை அச்சிட்டுத் தரும் முப்பரிமாண அச்சு இயந்திரம் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, அதில் நைலான் கியர் செய்து தருவதாகச் சொன்னார். நைலான் நீரை உறிஞ்சிப் பருப்பது. உலர்ந்த நிலையில் சரியாகப் பொருந்தும் கியர் நீரில் ஊறியபின் இறுகிப் போகலாம் என்பதால் நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

குளோரினையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இத்தகைய கியர்களுக்கும் புஷ்களுக்கும் அதிகம் பயன்படும் அசெட்டல் பிளாஸ்டிக், தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வலுவான குளோரின் அதன் மேற்பரப்பை நாளடைவில் பொரியச் செய்யும். குளத்து நீரின் பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டாலும், அதிர்ச்சி அளவாக, அதாவது வழக்கத்தைவிட மிக அதிகமாக, குளோரின் போடும் இரவுகளில் ரோபோவைக் குளத்திலேயே விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்தினேன். ஓடி முடித்ததும் வெளியே எடுத்து, நல்ல நீரில் அலசி, நிழலில் வைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பக்கத் தகட்டைக் கழற்றாமலேயே ஒரு சோதனை செய்கிறேன். இணைப்பைத் துண்டித்த ரோபோவைக் கவிழ்த்து, ஒரு கையால் டிராக்கைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பினியன் எதிர்க்கும்வரை டிராக் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பெயிண்ட் கோட்டை வைத்து அளந்து, இரு பக்கத்துக்கும் குறித்துவைக்கிறேன். புதிதாக மாட்டியபோது இரண்டும் 3 மில்லிமீட்டர். சென்ற வாரம் பார்த்தபோது வலப்பக்கம் 3, இடப்பக்கம் மூன்றரை. கூடையைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். மணல் இல்லை, இலைத் தூள்தான். அடுத்த மாதம் இன்னொரு முறை அளக்க வேண்டும்.